ஹோம்

எங்கள் ஊரில் அடம்பிடிக்கிற பிள்ளையை மிரட்ட மூன்று பெயர்கள் உண்டு. பூச்சாண்டி, போலீஸ்காரர், ஹோம். முதல் இரண்டும் ஐந்து வயதுக்கு மேல் எடுபடாது. மூன்றாவது பத்து வயதிலும் வேலை செய்யும். "இரு, உன்னக் கொண்டுபோய் ஹோம்ல விட்டுடறேன்" என்றால் அழுகை சட்டென்று நின்றுவிடும். ஆங்கிலத்தில் வீட்டைக் குறிக்கிற சொல் தமிழுக்கு வந்து, வீட்டை விட்டு வந்த பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குப் பெயராகிவிட்டது. புவனகிரியில் யாரும் தன் வீட்டை ஹோம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

போன ஆடியில் ஊருக்குப் போயிருந்தேன். சித்தி மகளுக்கு வேலை கிடைத்திருந்தது. எம்.எஸ்.டபிள்யூ முடித்தவள். பக்கத்து மாவட்டம் ஒன்றின் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப் பணியாளர், ஒப்பந்த அடிப்படையில். சித்திக்கு மனசே ஆறவில்லை. "இன்ஜினியரிங் சேத்துவிடறேன்னு தலையால அடிச்சிக்கிட்டேன். கேட்டாளா? இப்ப ஊரான் வீட்டுச் சண்டைக்கெல்லாம் பஞ்சாயத்து பண்ணப் போறாளாம்" என்று சிதம்பரம் கொத்சுவை என் இட்லி மேல் ஊற்றிக்கொண்டே சொன்னார். இன்ஜினியரிங் படித்தவன் எதிரில் உட்கார்ந்திருந்ததால் அந்தப் பேச்சு கொஞ்சம் நீண்டது.

அவளுக்கு என்னிடம் வேண்டியிருந்தது எக்செல் உதவி மட்டும்தான். அலுவலகத்தில் முதல் வாரம் கொடுத்த படிவத்தைக் காட்டினாள். வெற்றுப் படிவம். யாருடைய விவரமும் அதில் இல்லை. இருந்திருந்தால் காட்டியிருக்க மாட்டாள், அந்த விஷயத்தில் அவள் படு கறார். சமூக விசாரணை அறிக்கை என்று பெயர். வீட்டில் யார் யார், என்ன வயது, என்ன வருமானம், எத்தனை அறை, பிள்ளை யாரிடம் ஒட்டுதலாக இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் எப்படி, அக்கம்பக்கத்தார் என்ன சொல்கிறார்கள், பிள்ளை என்ன சொல்கிறது. பாதுகாப்பு தேவைப்படும் ஒரு குழந்தை குழந்தைகள் நலக் குழுவின் முன் வந்தால், இந்த விசாரணையை 15 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். அந்தக் குழு ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்டது. அந்த ஐந்து பேரும் பிள்ளையின் வீட்டுக்குப் போகப்போவதில்லை. படியேறி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர் எழுதுவதுதான் அவர்களுக்குக் கண்.

நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். கேள்விகளைக் காலம் காலமாகப் பிரித்தேன். "குடும்பத்திலிருந்து பிரிந்ததற்கான காரணம்" என்ற இடத்தில் ஒரு டிராப்டவுன் வைத்து, முதல் வரியில் "வறுமை" என்று அடித்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அத எடுத்துடு."

"ஏன், அதானே நெறைய வரும்?"

"அதான் வேணாங்கறேன். வச்சா எல்லாரும் அதயே டிக் பண்ணிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் யாரும் வீட்டுக்குள்ள போக மாட்டாங்க."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டிலிருந்தும் ஒரு பிள்ளை ஹோமுக்குப் போயிருக்கிறது.

1996-ல் அப்பா இறந்தபோது எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஐந்து. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போனார். தை முடிந்தால் அந்த வேலையும் இல்லை. ஊரில் மரியாதைப்பட்ட ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், சின்னவனை ஒரு ஹோமில் சேர்க்க ஏற்பாடு செய்தார். பெரியவன் கூடமாட ஒத்தாசைக்கு இருக்கட்டும் என்று பேச்சு. தம்பி இரண்டு வருஷம் அங்கே இருந்தான். திரும்பி வந்தவன் அம்மாவை "நீங்க, வாங்க" என்று கூப்பிட்டான். எங்கள் வீட்டில் அம்மாவை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அங்கே பெரியவர்கள் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடப் பழக்கியிருந்தார்கள். "யாரோ விருந்தாளிப் புள்ள மாதிரி இருக்குடா" என்று அம்மா என்னிடம் ஒருமுறை சொன்னார்.

அதன்பிறகு இரண்டு மூன்று மாதம் நான் இந்த வேலையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். பிள்ளையை வீட்டிலிருந்து வெளியே கொண்டுவருவதுதான் நல்லது என்று முதலில் யார் முடிவு செய்தார்கள், அது எப்போது மாறியது, மாறியதா?

பழைய கதை பஞ்சத்திலிருந்து தொடங்குகிறது. 1876 முதல் 78 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தில் தாய் தகப்பன் இல்லாமல் நின்ற பிள்ளைகளை மிஷனரிகள் சேர்த்துக்கொண்டார்கள். தென்னிந்தியாவின் பல அனாதை இல்லங்கள் தங்கள் கதையை அங்கிருந்துதான் சொல்லும். அந்தப் பிள்ளைகளுக்குத் திரும்பிப் போக வீடே இல்லை. ஆனால் பஞ்சம் போன பிறகும் கட்டடம் நின்றது, பழக்கமும் நின்றது. இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு பாதை. 1887-ல் செங்கல்பட்டில் சீர்திருத்தப் பள்ளி வந்தது, குற்றம் செய்த சிறுவர்களுக்காக. 1920-ல் சென்னை மாகாணம் குழந்தைகள் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவில் அப்படியொரு சட்டத்தை முதலில் போட்டது நாம்தான், வங்காளம் 1922-லும் பம்பாய் 1924-லும் பின்னால் வந்தன. பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சட்டத்தைப் படித்தால் ஒன்று உறுத்தும். திருடிய பிள்ளையும் நாதியில்லாத பிள்ளையும் ஒரே நீதிமன்ற வாசலில்தான் ஏற வேண்டும். இரண்டு பேருக்கும் கடைசியில் ஏதோ ஒரு பள்ளி, ஏதோ ஒரு விடுதி. இந்த இரண்டு கூட்டத்துக்கும் தனித்தனி வாசல் வைத்தது 1986-இல் வந்த மத்தியச் சட்டம். நடுவில் 66 வருஷம். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஹோம் என்றால் ஏன் போலீஸ்காரர் நினைவும் கூடவே வருகிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இதோடு நிறுத்தியிருந்தால் கட்டுரை சுலபமாக முடிந்திருக்கும். ஹோம் கெட்டது, வீடு நல்லது. ஆனால் எங்கள் ஊரிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி, சிதம்பரம் ஓமக்குளத்தில், அதற்கு நேர் எதிரான சாட்சி ஒன்று நூறு வருஷத்துக்கு மேலாக நிற்கிறது.

சுவாமி சகஜானந்தர் 1890-ல் ஆரணிப் பக்கம் மேல்புதுப்பாக்கத்தில் பிறந்தவர். இயற்பெயர் முனுசாமி. துறவியாகிச் சிதம்பரம் வந்தவர், 1916-ல் நந்தனார் பெயரில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். நந்தனாரை உள்ளே விடாத கோயில் என்று ஊரே கதை சொல்லும் இடத்தில், அந்த நந்தனார் பெயரில் பள்ளிக்கூடம். பள்ளியோடு விடுதியும் வளர்ந்தது. அவர் பிறகு பல ஆண்டுகள் சட்டமன்றத்தில் இருந்தார், 1959-ல் இறந்தார். அந்த விடுதியில் படித்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எங்கள் தாலுகா முழுக்க ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் இருக்கிறார்கள். நானே இரண்டு பேரிடம் படித்திருக்கிறேன்.

விடுதி ஏன் தேவைப்பட்டது? சேரியில் இருக்கிற பையனை ஆண்டை எந்த நேரமும் கூப்பிடலாம். மாடு மேய்க்க, மடை பார்க்க, அறுப்புக் களத்தில் நிற்க. அப்பன் வாங்கிய கடனுக்கு மகனின் பகல் பொழுது ஏற்கெனவே எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். அந்தப் பையன் பள்ளிக்கூடம் போக வேண்டுமானால் முதலில் கூப்பிடு தூரத்தைத் தாண்ட வேண்டும். வீட்டில் பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்த வீட்டுக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. வறுமை என்று ஒரு வார்த்தையில் டிக் செய்தால் இதில் எது தெரியும்?

சென்னையிலும் அதே காலத்தில் இதுபோல நடந்தது. சகோதரி சுப்புலட்சுமி குழந்தை விதவை. 1911-ல் பி.ஏ. பட்டம் வாங்கி, தன்னைப் போன்ற சிறுமிகளைத் தன் வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கத் தொடங்கினார். கூட நின்றவர் அவருடைய சித்தி வாலாம்பாள், அவரும் விதவை. அந்த இல்லம் பிராமண விதவைகளுக்கானது, அந்த வரம்பையும் சொல்லித்தான் ஆக வேண்டும். முத்துலட்சுமி ரெட்டியின் கதை இன்னும் நேரடியானது. தேவதாசி முறைக்குத் தப்பி வந்த பெண்பிள்ளைகளுக்கு ஏற்கெனவே இருந்த விடுதிகளில் இடம் கிடைக்கவில்லை. சட்டமன்றத்தில் அந்த முறையை ஒழிக்கப் பேசிய டாக்டர், 1930-ல் அவர்களைத் தன் வீட்டுக்குள் அழைத்துக்கொண்டார். அவ்வை இல்லம் அங்கிருந்து வளர்ந்தது. இவர்கள் யாரும் சமூகப் பணி படித்தவர்கள் கிடையாது. குடும்பம் என்ற பெயரில் பிள்ளைக்கு என்னவெல்லாம் நடக்கும் என்பது அவர்களுக்குப் பட்டுத் தெரிந்திருந்தது.

படித்துச் செய்கிற வேலையாக இது எப்போது ஆனது? அந்தக் கதை அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு வருகிறது. அங்கே தர்ம ஸ்தாபனங்கள் ஏழைகள் வீட்டுக்கு ஆள் அனுப்பி, உதவிக்குத் தகுதி உண்டா என்று பார்த்து வரச் சொல்லும். பார்க்கப் போனவர்கள் கண்டதை எல்லாம் ஒரு முறைக்குள் கொண்டுவந்து மேரி ரிச்மண்ட் 1917-ல் ஒரு தடித்த புத்தகம் எழுதினார். யாரைக் கேட்க வேண்டும், எதை நம்பலாம், ஒரே ஆள் சொன்னதை வைத்து முடிவு கட்டக் கூடாது என்றெல்லாம். என் தங்கை காட்டிய படிவத்துக்கு அதுதான் கொள்ளுப்பாட்டி. அதற்கு முன்பே, 1909-ல், அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கூட்டிய மாநாடு ஒன்று, ஏழ்மை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தது. அந்த மாநாட்டைக் கூட்டும்படி ரூஸ்வெல்ட்டைத் தூண்டிய ஜேம்ஸ் வெஸ்ட், தானே அனாதை இல்லத்தில் வளர்ந்தவர்.

1936-ல் பம்பாய் நாக்பாடாவில், கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்க மிஷனரியின் தலைமையில், டாட்டா அறக்கட்டளைப் பணத்தில் இந்தியாவின் முதல் சமூகப் பணிக் கல்லூரி தொடங்கியது. முதல் வகுப்பில் 20 பேர். இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் அதுதான். மான்ஷார்ட்டுக்கு அடுத்து இயக்குநரானவர் ஒரு தமிழர், ஜே.எம்.குமரப்பா, காந்தியப் பொருளியலாளர் ஜே.சி.குமரப்பாவின் உடன்பிறந்தவர். சென்னைக்கு இந்தப் படிப்பைக் கொண்டுவந்தவர் மேரி கிளப்வாலா ஜாதவ். பார்சிப் பெண்மணி, 1935-ல் கணவரை இழந்தவர், கில்ட் ஆஃப் சர்வீஸ் அமைப்பின் முதுகெலும்பு. இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களுக்கான உபசரிப்புக் குழுவை நடத்திய அனுபவத்தில், நல்ல மனசு மட்டும் போதாது, பழகிய ஆள் வேண்டும் என்ற இடத்துக்கு அவர் வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். 1952-ல் சென்னை சமூகப் பணிக் கல்லூரி பிறந்தது. விதவைகள் இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப வருகிறார்கள். எங்கள் அம்மா உட்பட, கதவுக்கு அந்தப் பக்கம்.

ஆக 1952-லிருந்து தமிழ்நாட்டில் படித்த சமூகப் பணியாளர்கள் உண்டு. ஆனால் அவர்கள் ஊர்ப்பக்கம் வர நெடுங்காலம் ஆனது. 1996-ல் எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. சுவாரசியம் என்னவென்றால், அதே 1996-ல்தான் டாட்டா நிறுவனத்தில் ஜெரூ பில்லிமோரியா சைல்ட்லைனைத் தொடங்குகிறார். 1098. பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்ள எளிதாகப் பத்து, ஒன்பது, எட்டு. அது மும்பைத் தெருக்களில் ஒலித்துக்கொண்டிருந்தபோது எங்கள் தெருவில் ஒரே ஒரு தொலைபேசிதான் இருந்தது.

அரசாங்கமும் அந்தக் காலத்தில் கையை நீட்டி, பிள்ளையை எங்களிடம் கொடுங்கள் என்றுதான் கேட்டது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2011-ல் கடலூருக்கும் நீட்டிக்கப்பட்டது. அந்த வருஷக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குள் 1,000 ஆண் பிள்ளைகளுக்கு மாநிலத்தில் 943 பெண் பிள்ளைகள், எங்கள் மாவட்டத்தில் 900-க்கும் கீழே. கருவிலேயே கணக்கு முடிந்துவிடும் இடத்தில் தொட்டில் என்ன செய்யும் என்ற கேள்வி எனக்கு உண்டு. அது வேறு கட்டுரை.

கடலூர்க் கரையில் இந்த விஷயம் முட்டி நின்றது 2004 டிசம்பர் 26-ல். புவனகிரியிலிருந்து கிழக்கே போனால் பரங்கிப்பேட்டை, வெள்ளாற்று முகத்துவாரம், அதற்குத் தெற்கே கிள்ளை, பிச்சாவரம், எம்.ஜி.ஆர் திட்டு. நான் அப்போது பிளஸ் ஒன். வெள்ளாற்றில் தண்ணீர் எதிர்த்து ஏறுகிறது என்று ஊரே பாலத்துக்கு ஓடியது. மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நாகப்பட்டினத்தில் 6,000-க்கும் மேல். சில வாரங்களுக்குள் நாகையிலும் கடலூரிலும் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு அரசு இல்லங்கள் திறக்கப்பட்டன. உலகம் முழுக்கவிருந்து தத்துக் கேட்டார்கள். அரசு அவசரப்பட்டுத் தத்துக் கொடுக்கவில்லை. பிள்ளைகளைக் கடத்திவிடுவார்கள் என்ற பயம் ஒரு காரணம். இன்னொன்றும் தெரிய வந்தது. தாயும் தகப்பனும் போன பிள்ளைக்கும் ஆயா இருந்தாள், மாமன் இருந்தான், சித்தப்பா இருந்தார். மீனவர் குடியிருப்புகளில் ஒரு பிள்ளை எந்த வீட்டில் சாப்பிடுகிறது என்பதே பல நேரம் தெரியாது. எந்த மாமன் பிள்ளைக்காகக் கூப்பிடுகிறான், எந்த மாமன் நிவாரணப் பணத்துக்காகக் கூப்பிடுகிறான் என்று யாராவது போய்ப் பார்த்தால்தான் தெரியும். அந்த வேலைக்கு ஆள் தேவைப்பட்டது.

2009-க்குப் பிறகு வந்த ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் மாவட்டத்துக்கு மாவட்டம் ஒரு பாதுகாப்பு அலகை அமைத்து அந்த ஆட்களைக் கொண்டுவந்தது. 2015-ஆம் ஆண்டுச் சட்டம் இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாக வை என்று கொள்கையாகவே எழுதியது. 2021-ல் கொரோனா பெற்றோர்களைக் கொண்டுபோனபோது, தமிழக அரசு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையோடு, உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைக்கு மாதம் 3,000 ரூபாய் என்றும் அறிவித்தது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யாவில் பிள்ளையைக் குடும்பத்திலேயே வைத்து வளர்க்க மாதம் 4,000. 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000. பெற்றோர் இருவரையும் இழந்தவர்களோடு, ஒருவரை இழந்து மற்றவரால் வளர்க்க முடியாத பிள்ளைகளும் அதில் உண்டு. எண்களைப் படிக்கும்போது நான் தம்பியைத்தான் நினைத்துக்கொண்டேன். அப்போதைய விலைவாசிக்கு மாதம் 300 ரூபாய் போதுமாயிருந்திருக்கும்.

சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கு ஃபோன் போட்டு, இப்படி ஒரு கட்டுரை எழுதுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அங்க மூணு வேள சோறு கெடச்சுது. நான் எழுதப் படிக்கக் கத்துக்கிட்டதே அங்கதான். நீ பாட்டுக்குத் தப்பா எழுதிடாத" என்றான். "ஆனா ராத்திரில அம்மா எந்தப் பக்கம் படுத்திருப்பாங்கன்னு நெனச்சுப் பாப்பேன். வடக்கா, தெக்கான்னு. அது மறந்துபோச்சு." இப்போதும் அவன் அம்மாவை "நீங்க" என்றுதான் சொல்கிறான்.

தீபாவளிக்குப் போனபோது சித்தி மகள் கறுத்து இளைத்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். என்னென்ன பார்த்தாய் என்று கேட்டால் சொல்ல மாட்டாள். பஸ் இறங்கி நடக்கிற தூரத்தையும், நாய்களையும், "சாப்பிட்டியாம்மா" என்று கேட்கிற வீடுகளையும் மட்டும் சொன்னாள். முதல் தடவை போகும்போது ஃபைலை வெளியே எடுக்கக் கூடாது என்று கற்றுக்கொண்டாளாம். எடுத்தால், பிள்ளையைப் பிடித்துப்போக வந்தவள் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் உடைந்து பேசினாள். ஒரு பிள்ளையை வீட்டிலேயே விடலாம் என்று எழுதியிருக்கிறாள். எழுதியதிலிருந்து தூக்கம் சரியில்லை. "தப்பாப் போச்சுன்னா, அண்ணே?" ஹோமுக்கு அனுப்பச் சொல்லி எழுதியிருந்தால் இந்தப் பயம் இருந்திருக்காது. என்ன ஆனாலும் அது இல்லத்தின் பொறுப்பு, இவளுடையது இல்லை.

என்னிடம் பதில் இல்லை. என் வேலையில் தப்பு நடந்தால் முந்தைய வெர்ஷனுக்குத் திரும்பிவிடுவோம்.

திண்ணையில் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டாள்.

"பெரியம்மா, ஒண்ணு கேக்கட்டா? அண்ணன அந்த ஹோமுல சேத்தீங்கல்ல, அப்ப அவங்க உங்ககிட்ட என்னென்ன கேட்டாங்க?"

அம்மா கையை நிறுத்தாமல் யோசித்தார்.

"ரேகை கேட்டாங்க. வச்சேன்."

"வேற?"

"வேற என்ன கேப்பாங்க?" என்றார் அம்மா. "பேரு கேட்டாங்க. என் பேரு இல்ல, அவன் பேரு."